இணையவழிப் பயனர் சோதனை

இணையவழிப் பயனர் சோதனை என்பது, ஓர் இணையத்தளத்தை அதை உருவாக்கியவர்கள் அல்லாத பிறர் தத்தம் கணினியில் இயக்கிப் பார்க்க, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை இணையத்தின் வழியாகவே பதிவு செய்து ஆராயும் முறை ஆகும். இங்கு சோதிக்கப்படுவது தளமே அன்றிப் பயனர் அல்லர். 2007 ஆம் ஆண்டு முதல் இதனைக் கட்டணச் சேவையாக வழங்கும் நிறுவனங்கள் பல தோன்றின. அவற்றால் சோதனைக்கான செலவும் காலமும் பெரிதும் குறைந்தன. ஆயினும், அருகில் இருந்து கவனிப்பவர் எவரும் இல்லாத சோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது குறித்து ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பின்னணி

ஒரு கருவியை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடிகிறது என்னும் பண்பு பயன்படுதன்மை எனப்படும். 1998 இல் வெளியான ஐஎஸ்ஓ 9241-11 என்னும் பன்னாட்டுச் சீர்தரம் இதனை மூன்று கூறுகளால் வரையறுத்தது: எடுத்த செயலை முடிக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு முயற்சி தேவைப்பட்டது, பயனர் மனநிறைவு அடைந்தாரா. இம்மூன்றையும் தளத்தை வடிவமைத்தவரே மதிப்பிட்டுவிட முடியாது. எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதே காரணம்.

தொடக்கத்தில் இச்சோதனைகள் தனி ஆய்வுக்கூடங்களில் நடந்தன. ஓர் அறையில் பயனரும் நெறியாளரும் அமர்ந்திருப்பர். ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால், அடுத்த அறையில் இருந்து வடிவமைப்பாளர்கள் கவனிப்பர். பயனர் தம் மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே கணினியை இயக்க வேண்டும். 'உரக்கச் சிந்தித்தல்' எனப்படும் இந்நுட்பத்தை இடைமுக ஆய்வுக்குக் கொண்டு வந்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிசு (1982). அதற்கான உளவியல் அடித்தளத்தை ஆண்டர்சு எரிக்சன், எர்பர்ட்டு சைமன் ஆகியோர் 1980 இல் வெளியிட்ட ஆய்வு வழங்கியிருந்தது. ஆய்வுக்கூடச் சோதனைக்கு அறை வாடகை, ஒளிப்பதிவுக் கருவிகள், ஆள் தேடுதல், வருவோருக்கான ஊதியம் எனச் செலவு மிகுதி. ஆகவே, சிறு நிறுவனங்கள் சோதனையே இன்றித் தம் தளங்களை வெளியிட்டன.

தொலைவிலிருந்து சோதித்தல்

1996 இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெக்சு ஆர்ட்சனும் அவருடைய குழுவினரும், கணினி வலையமைப்பையே ஆய்வுக்கூடத்தின் நீட்சியாகக் கொள்ளலாம் என்று ஒரு கட்டுரையில் முன்மொழிந்தனர். இதிலிருந்து இரு வகைகள் வளர்ந்தன. முதலாவதில், நெறியாளர் தொலைபேசியிலோ இணைய அழைப்பிலோ பயனருடன் பேசியபடி அவரது திரையைப் பார்ப்பார். இரண்டாவதில் நெறியாளர் இல்லை. எழுதி வைத்த பணிகளைப் பயனர் தாமே, தமக்கு உகந்த நேரத்தில் செய்து முடிப்பார்.

1990களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய விவிடென்சு, பதிவு செய்த பயனர் குழுக்களைக் கொண்டு பெரு நிறுவனங்களின் தளங்களைச் சோதித்தது. 2004 இல் அதனைக் கீநோட் சிசுடம்சு வாங்கியது. அகலப்பட்டை இணைப்பும் ஒலிவாங்கியும் வீடுகளுக்குப் பரவிய பின்னரே, ஒருவருடைய திரையையும் குரலையும் நிகழ்படமாகப் பதிந்து அனுப்புவது எளிதாயிற்று.

சேவையின் தோற்றமும் செயல்முறையும்

2007 இல் டாரெல் பெனட்டார், டேவ் கார் ஆகியோர் கலிபோர்னியாவில் தொடங்கிய யூசர்டெசுட்டிங், இவ்வகைச் சேவைகளுள் மிகவும் அறியப்பட்டது. தொடக்கக் காலத்தில் ஒரு பயனரின் சோதனைக்கு அது பெற்ற கட்டணம் சுமார் 20 டாலர் மட்டுமே. வாடிக்கையாளர் தம் தளத்தின் முகவரி, செய்ய வேண்டிய பணிகள், தமக்குத் தேவையான பயனரின் வயது, கணினிப் பழக்கம் முதலியவற்றைக் குறிப்பிடுவார். பொருந்தும் பயனர் ஒருவர் வீட்டிலிருந்தே தளத்தை இயக்கி, உரக்கப் பேசிப் பதிவு செய்வார். நிகழ்படம் சில மணி நேரத்தில் வாடிக்கையாளரை அடையும். சுமார் 20 நிமிடச் சோதனைக்குப் பயனருக்கு 10 டாலர் வழங்கும் முறை நெடுங்காலம் இருந்தது.

இத்தகைய சேவையைத் தொடங்குவோர் எதிர்கொள்ளும் முதல் சிக்கல் மென்பொருள் அன்று. போதிய பயனர்கள் இல்லாவிடில் வாடிக்கையாளர் வரமாட்டார். போதிய வேலை இல்லாவிடில் பதிவு செய்த பயனர்கள் விலகிவிடுவர். இரு தரப்பையும் ஒரே வேளையில் திரட்ட வேண்டும். அதன் பின்னர் தரக் கட்டுப்பாடு வருகிறது. வாய் திறவாமல் சொடுக்கிக்கொண்டே செல்பவரின் பதிவால் யாருக்கும் பயனில்லை. எனவே புதியவர்களிடம் மாதிரிப் பதிவு பெறப்படுகிறது. பின்னர் வாடிக்கையாளர் தரும் மதிப்பெண்ணைப் பொறுத்தே அவர்களுக்கு வேலை கிடைக்கிறது.

ஆத்திரேலியாவில் லூப்11, ஐக்கிய இராச்சியத்தில் வாட்யூசர்சுடூ, நியூசிலாந்தில் ஆப்டிமல் வொர்க்சாப் ஆகியன இதே காலப்பகுதியில் எழுந்தவை. இவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஆப்டிமல் வொர்க்சாப், தளத்தின் தலைப்புகளைப் பயனர்கள் எவ்வாறு வகைப்படுத்துகின்றனர் என்பதை ஆராய்வதில் கவனம் செலுத்தியது.

பணிகளை எழுதுதல்

நெறியாளர் இல்லாத சோதனையில் எழுதப்பட்ட பணியே நெறியாளர். அதில் பிழை நேர்ந்தால் இடையில் திருத்த வழியில்லை. எ.கா.: "'திருப்பி அனுப்புதல்' பக்கத்திற்குச் செல்க" என்று எழுதினால், பயனர் அச்சொற்களைத் திரையில் தேடிச் சொடுக்கிவிடுவார், தளம் எளிதானது போலத் தோன்றும். "நீங்கள் வாங்கிய குவளை உடைந்த நிலையில் வந்து சேர்ந்தது, என்ன செய்வீர்கள்?" என்று எழுதினால்தான் உண்மையான தடைகள் வெளிப்படும். சேவையை வாங்குவோர் பெரும்பாலும் பயிற்சி பெறாதவர்கள் என்பதால், குறைபாடுகளில் கணிசமானவை இங்கேயே தொடங்குகின்றன.

எத்தனை பயனர்கள் தேவை?

மலிவான சேவைகளின் பரவலுக்கு உதவிய ஓர் எண் ஐந்து. ஜேக்கப் நீல்சன், தாமசு லாந்தாவர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட கணிதப் படிமத்தின்படி, ஒரு பயனர் சராசரியாக 31% குறைகளை வெளிப்படுத்துகிறார். அவ்வாறாயின், ஐந்து பயனர்கள் ஏறத்தாழ 85% குறைகளைக் காட்டிவிடுவர். இதனை நீல்சன் 2000 ஆம் ஆண்டில் பொது வாசகர்களுக்காக எழுதியபோது அது ஒரு விதியாகவே பரவியது. ஐவரைக் கொண்டு ஒருமுறை சோதித்து, திருத்தி, மீண்டும் ஐவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற அவரது அறிவுரையின் பிற்பகுதி அவ்வளவாகப் பரவவில்லை.

2001 இல் சாரெட் சுபூல், வில் சிரோடர் ஆகியோர் நான்கு தளங்களை 49 பயனர்களைக் கொண்டு சோதித்தனர். முதல் ஐவர் வெளிப்படுத்தியவை சுமார் 35% குறைகளே. 2003 இல் லாரா ஃபோக்னர் 60 பயனர்களின் தரவிலிருந்து ஐந்து ஐந்து பேராகத் தற்போக்கில் எடுத்துப் பார்த்தபோது, சில குழுக்கள் 99% குறைகளைக் கண்டிருந்தன. ஒரு குழு 55% மட்டுமே கண்டிருந்தது. ஆகவே ஐந்து என்பது சராசரி அளவில் பொருந்தலாம், குறிப்பிட்ட ஒரு சோதனைக்கு உறுதி அளிக்காது.

சோதிப்பவரைப் பொறுத்தும் முடிவு மாறும். டென்மார்க்கைச் சேர்ந்த ரோல்ஃப் மோலிக் ஒருங்கிணைத்த ஒப்பீட்டில், ஒன்பது குழுக்கள் ஆட்மெயில் மின்னஞ்சல் தளத்தைத் தனித்தனியே சோதித்தன. மொத்தம் 310 குறைகள் பட்டியலிடப்பட்டன; அவற்றுள் நான்கில் மூன்று பங்கு ஒரே ஒரு குழுவால் மட்டும் குறிப்பிடப்பட்டவை.

நெறியாளர் இல்லாமையின் விளைவு

2007 இல் டென்மார்க்கின் ஆல்போர்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொலைநிலை முறைகளை ஆய்வுக்கூடச் சோதனையுடன் ஒப்பிட்டனர். நெறியாளர் இணைந்திருந்த தொலைநிலைச் சோதனை ஏறக்குறைய ஆய்வுக்கூடத்திற்கு இணையாக அமைந்தது. பயனர் தனித்து இயங்கிய முறைகளில் குறைவான சிக்கல்களே கண்டறியப்பட்டன. "ஏன் அங்கே தயங்கினீர்கள்?" என்று கேட்க ஆள் இல்லாதபோது, தயக்கத்தின் காரணத்தைக் காண்பவர் ஊகிக்க வேண்டியுள்ளது.

மற்றொரு குறை, தொழில்முறைச் சோதனையாளர்களின் உருவாக்கம். நூற்றுக்கணக்கான தளங்களைக் கண்ட ஒருவர் முதன்முறையாக இணையத்தில் பயணச்சீட்டு வாங்கும் முதியவரைப் போல நடந்துகொள்ளமாட்டார். நல்ல மதிப்பெண் பெற விரும்புபவர் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதைப் பேசவும் கூடும். மறுபுறம், முன்பின் தெரியாதவர் எதிரில் இல்லாததால் சிலர் கூடுதல் வெளிப்படையாகப் பேசுவதும் உண்டு.

குறை சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதும் பண்பாடுகளில் இச்சிக்கல் வேறு வடிவம் பெறுகிறது. இந்தியப் பயனர்கள் எதிரில் இருப்பவரின் படைப்பைக் குறைகூறத் தயங்குவதைக் கண்ட அபலா லாகிரி சவான், 'பாலிவுட் முறை' என்னும் உத்தியைக் கையாண்டார். அதில் பயனருக்குத் திரைப்படக் காட்சி போன்ற ஒரு சூழல் தரப்படுகிறது: மணக்கவிருக்கும் மருமகளின் மாப்பிள்ளை ஒரு கூலிக் கொலையாளி, ஏற்கெனவே திருமணமானவர் என்று தெரியவருகிறது, திருமணத்தைத் தடுக்க உடனே விமானச் சீட்டு பதிவு செய்ய வேண்டும். அவசரத்தில் மூழ்கிய பயனர் மரியாதையை மறந்து தளத்தின் குறைகளை வெளிப்படையாகச் சொல்லத் தொடங்குகிறார்.

விக்கிப்பீடியாவில்

2008 இறுதியில் இசுடான்டன் அறக்கட்டளை, விக்கிப்பீடியாவில் எழுதுவதை எளிதாக்க 8,90,000 டாலர் நல்கை அளித்தது. அதன் பகுதியாக 2009 மார்ச்சில், சான் பிரான்சிசுகோவின் போல்ட்டு பீட்டர்சு நிறுவனத்தைக் கொண்டு நேரிலும் தொலைவிலிருந்தும் சோதனைகள் நடத்தப்பட்டன. பழகிய தொகுப்பாளர்களுக்கு இயல்பாகத் தோன்றிய விக்கிக் குறியீடுகள் புதியவர்களை மலைக்க வைத்தன. இம்முயற்சியின் விளைவான வெக்டர் தோற்றம் 2010 மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்பிருப்பு ஆயிற்று.

பிற்கால வளர்ச்சி

வாட்யூசர்சுடூ நிறுவனத்தை 2018 இல் யூசர்சூம் வாங்கியது. யூசர்டெசுட்டிங் 2021 நவம்பரில் நியூயார்க்குப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 14 டாலர் விலையில் நுழைந்தது. ஓராண்டுக்குள் தோமா பிராவோ, சன்சுடோன் பார்ட்னர்சு ஆகிய முதலீட்டு நிறுவனங்கள் பங்கு ஒன்றுக்கு 7.50 டாலர், மொத்தம் சுமார் 130 கோடி டாலர் என்னும் மதிப்பில் அதனை வாங்க உடன்பட்டன. 2023 சனவரியில் விற்பனை நிறைவேறியபின் யூசர்சூம் அதனுடன் இணைக்கப்பட்டது.

திரைப் பதிவில் பயனரின் மின்னஞ்சல், வங்கி விவரம் முதலியன தற்செயலாகப் பதிவாகக்கூடும் என்பதால், 2018 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இச்சேவைகளுக்கும் பொருந்துகிறது. அண்மை ஆண்டுகளில், மனிதருக்கு மாற்றாகச் செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் 'செயற்கைப் பயனர்'களைச் சில நிறுவனங்கள் விற்கத் தொடங்கியுள்ளன. நீல்சன் இணைந்து நிறுவிய நீல்சன் நார்மன் குழுமம், இவை உண்மையான பயனர் ஆய்வுக்கு ஈடாகா என்று 2024 இல் எழுதியது.