நெடுந்தூர ஓட்டமும் உடற்காவலும்



திருப்பதியில் அலிபிரி அடிவாரத்திற்கு விடியற்காலையில் செல்வோர் இருவகை மனிதரைக் காணலாம். ஒரு சாரார், நெற்றியில் திருநாமம் துலங்க, கோவிந்த நாமத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு படியேறும் யாத்திரிகர். மற்றொரு சாரார், ஓட்டக் காலணி அணிந்து, மணிக்கட்டிலுள்ள கடிகாரத்தை அடிக்கடி நோக்கியவாறு விரைந்து ஏறுபவர். பின்னவருள் பலர் சித்தூரிலும் திருப்பதியிலும் ஆசிரியராகவோ, வணிகராகவோ, என்னைப் போல் மத்திய சர்க்கார் ஊழியராகவோ இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டத்திற்குப் பழகுகிறவர்கள். இவர்களுக்குச் சம்பளம் பெறும் பயிற்சியாளர் இல்லை. உடன் வரும் வைத்தியரும் இல்லை. தம் உடலைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியவர்கள். அந்தக் காவலை உலகம் எங்ஙனம் கற்றது என்பதே இன்று நாம் காணப் போகும் வரலாறு.

மாரத்தான் என்ற பெயரே ஒரு மரணக் கதையோடு பிறந்தது. கி.மு. 490-இல் மாரத்தான் சமவெளியில் பாரசீகரை வென்ற செய்தியை ஏதென்ஸ் நகருக்கு ஓடிவந்து உரைத்த வீரன், உரைத்த மாத்திரத்தில் உயிர் நீத்தான் என்பர். ஆனால், அப்போரைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய ஹெரடோட்டஸ் இந்த மரணத்தைக் கூறவில்லை. அவர் கூறுவது, உதவி நாடி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய பிடிப்பிடிஸ் என்பவனின் செய்தியையே. செய்தி சொல்லி மாண்ட கதை பல நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்ட ஆசிரியர்களிடமே காணப்படுகிறது. எனினும் அந்தக் கதையே நிலைத்தது. ‘விழும்வரை ஓடுவதே வீரம்’ என்ற எண்ணமும் அதனுடன் நிலைத்துவிட்டது.

1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர். ஆனால் அடுத்து வந்த காலத்தில் தண்ணீரே ஓட்டக்காரனுக்குப் பகையாகக் கருதப்பட்டது. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், புழுதி பறந்த பாதையில், கடும் வெயிலில் 32 பேர் புறப்பட்டனர். முடித்தவர் 14 பேரே. வழியில் குடிதண்ணீர் மிக அரிதாகவே வைக்கப்பட்டிருந்தது. நீரின்றி உடல் எவ்வளவு தாங்கும் என்று அறியும் விருப்பம் அமைப்பாளருக்கே இருந்தது. வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு உடன் சென்றோர் தண்ணீரை மறுத்தனர். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சை முட்டையின் வெண்கருவிற் கலந்து ஊட்டினர். அவர் பிழைத்தது தெய்வாதீனம்.

1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் அத்தகைய தெய்வாதீனம் கிட்டவில்லை. போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ உஷ்ணத்தால் வழியில் விழுந்து மறுநாள் மாண்டார். வெயில் தாக்காதிருக்க அவர் உடலெங்கும் கொழுப்புப் பூசியிருந்தார் என்று சொல்லப்படுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. அந்த வாயிலை அடைத்துவிட்டால் உட்சூடு வெளியேற வழியில்லை. ஒலிம்பிக் மாரத்தானில் நேர்ந்த முதல் மரணம் இதுவே. எட்டு ஆண்டுகள் கழித்து, 1920-இல் ஆண்ட்வெர்ப் நகரில், நம் நாட்டின் பதேப்பா தாரேப்பா சௌகுலே மாரத்தானில் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்வது தகும்.

ஓட்டத்தின் நடுவே நீர் அருந்துவது பலவீனம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் மேலோங்கி நின்றது. பிறகு துலாக்கோல் மறுபுறம் சாய்ந்தது. 1970-களில் மேனாடுகளில் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கில் ஓடத் தலைப்பட்டனர். ‘தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், குடிக்க முடிந்த மட்டும் குடியுங்கள்’ என்ற உபதேசம் பரவிற்று. மெதுவாக ஓடுவோர் நான்கைந்து மணி நேரம் வழியில் இருப்பவர். நிலையந்தோறும் நின்று குடிப்பவர். அளவு மீறிய நீர் இரத்தத்திலுள்ள சோடியம் உப்பின் செறிவைக் குறைக்கிறது, மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, மயக்கம், தடுமாற்றம் ஆகியவை தோன்றுகின்றன. இவற்றைத் தாகத்தின் குறி என்று மயங்கி மேலும் நீர் புகட்டினால் உயிருக்கே கேடு.

2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேருடைய இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுள் 13 சதவீதத்தினருக்கு உப்புக் குறைவு இருந்ததை 2005-இல் வெளியிட்டனர். அதன்பின் அறிஞர் உரைக்கும் நெறி எளியது: தாகம் எடுத்தால் குடி, ஓட்டம் முடிந்தபின் எடை கூடியிருந்தால் மிகையாகக் குடித்துவிட்டாய் என்று அறி.

உஷ்ணத்தைப் பற்றிய பாடமும் அங்ஙனமே அனுபவத்தால் வந்தது. சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும் நம் பகுதிக்கு இது மிகவும் வேண்டிய பாடம். வெயிலுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். வெப்பத்தால் நினைவு தடுமாறி விழுந்தவரை முதலில் பனிநீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும். வாகனத்தில் ஏற்றுவது பிறகே. அமெரிக்காவில் ஃபால்மவுத் என்னும் ஊரின் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத் தாக்குதல் நேர்ந்தது. அங்கேயே உடனுக்குடன் குளிர்விக்கப்பட்டமையால் அத்தனை பேரும் பிழைத்தனர்.

இனி, மூன்றாவதும் கடினமானதுமான பாடம் இதயத்தைப் பற்றியது. மாரத்தான் ஓடுகிறவனுக்கு இருதய இரத்தக்குழாய் அடைப்பு வாராது என்று 1970-களில் தாமஸ் பாஸ்லர் என்ற வைத்தியர் வாதித்தார். கேட்க இனிய சொல் அது. ஓடியவர்களுக்கும் அடைப்பு இருந்ததை 1979-இல் டிம் நோக்ஸ் முதலானோர் சான்றுடன் காட்டினர். ஓட்டத்தைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ் 1984-இல் ஓட்டத்தின்போதே 52-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அவர் தந்தை 43 வயதிலேயே இதயநோயால் மாண்டவர். ஓட்டம் நன்மையே செய்தது; ஆனால் குடும்பத்தின் வழியே வந்த கடனை அது தள்ளுபடி செய்யவில்லை.

இதைக் கேட்டு அஞ்சி ஓட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில், இதயம் நின்றவர் 59 பேர்; அவர்களுள் இறந்தவர் 42 பேர். பிழைத்தோர் பெரும்பாலும், அருகில் இருந்தவர் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்ததனால் பிழைத்தவர். ஆயினும் நாம் சற்றுக் கூடுதலாக விழிப்புடன் இருக்கக் காரணம் உண்டு. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் நேர்வதும், மற்றவர்க்கு ஏறக்குறைய 59 வயதில் நேர்வதும் புலப்பட்டன.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர், நாற்பத்தெட்டு வயதினர், அரை மாரத்தானுக்காக ஞாயிறுதோறும் என்னுடன் அலிபிரிப் படி ஏறுவார். என்னைவிட வேகமானவர். ஒருநாள் மோகாள்ள மெட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘வாயுத் தொல்லைதான், சார், சற்று நேரத்தில் சரியாகிவிடும்’ என்றார். ஓடுகிறவருக்கு இதயநோயா என்று நானும் அதை நம்பினேன். நம்பாதவர் அவர் மனைவியார் ஒருவரே. அவருடைய வற்புறுத்தலால் செய்த சோதனையில் பெரிய அடைப்பு ஒன்று வெளிப்பட்டது. தக்க தருணத்தில் சிகிச்சை கிடைத்தது. அன்று நான் ‘ஆமாம், வாயுதான்’ என்று தலையசைத்ததை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது.

மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால்; பாதையின் இறுதியில் வரும் அந்தச் செங்குத்தான ஏற்றத்திற்கு அதனாலேயே அப்பெயர். 1944-இல் மலைப்பாதைச் சாலை திறக்கப்படும் வரை, 850 மீட்டர் உயரமுள்ள திருமலைக்கு மக்கள் நடந்தோ டோலியிலோதான் சென்றனர். ஏறக்குறைய 3,550 படிகள். அவர்கள் வெயிலுக்கு முன் புறப்பட்டனர், மண்டபந்தோறும் அமர்ந்தனர், தாகத்திற்கு நீர் அருந்தினர், இயலாதவர் டோலி ஏறினர், அதை ஒருவரும் இழிவாகக் கருதவில்லை. இதயநோயும் மூச்சுத் தொல்லையும் உடையோர் படியேற வேண்டா என்று 2024-இல் தேவஸ்தானமும் அறிவுறுத்தியது.

ஆகவே, ஓட விரும்பும் நண்பர்கள், சிறப்பாக நாற்பதைக் கடந்தோர், தொடங்கும் முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்க. குடும்பத்தில் இளவயது இதயநோய் உண்டா என்பதை வைத்தியரிடம் மறையாது உரைக்க. தூரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுக. காய்ச்சல் கண்ட நாளில் ஓடற்க. வலியை மறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்திற்குத் தீங்கு. மார்பில் இறுக்கமோ, கண் இருட்டலோ தோன்றினால் அக்கணமே நிற்க. உடன் ஓடுவோர் அனைவரும் மார்பழுத்த முதலுதவியைக் கற்றிருக்க வேண்டும்.

என் நண்பர் இப்போது வைத்தியரின் அனுமதியுடன் அடிவாரத்தில் சமதரையில் நடக்கிறார். நான் படியேறித் திரும்பும்வரை காத்திருந்து, ‘மார்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறார். நான் உண்மையையே சொல்கிறேன்.