ஆய்வேட்டை எழுதியது யார்? உப்சாலாவிலிருந்து ஒரு பழைய கணக்கு

எந்த எம்.காம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் புரட்டினாலும் முதல் நாலைந்து பக்கங்களுக்குள் ஒரு உறுதிமொழி இருக்கும். "இந்த ஆய்வேடு என்னுடைய சொந்த உழைப்பு, வேறு எந்தப் பட்டத்துக்காகவும் இதைச் சமர்ப்பிக்கவில்லை" என்று மாணவர் கையெழுத்துப் போட்டிருப்பார். எதிர்ப்பக்கத்தில் கைடு, துறைத் தலைவர் கையெழுத்துகள். பைண்டிங் கடைக்காரருக்கே அந்த வாசகம் மனப்பாடம். ஒரு எழுத்து விட்டுப்போனால் அவரே திருத்திக் கொடுப்பார் :-)

இந்த உறுதிமொழியை நாம் பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலம் முதலே இருக்கும் விதி என்று நினைத்துக்கொள்கிறோம். அது தப்பு. "ஆய்வேட்டை மாணவனே எழுத வேண்டும்" என்பது ஐரோப்பாவிலேயே ரொம்பப் பிற்பாடு உறுதியான விதி. அதற்கு முன்னால் வேறு ஒரு விதி இருந்தது. அந்த விதியைத் தெரிந்துகொள்ள ஸ்வீடனுக்குப் போக வேண்டும்.

கார்ல் லின்னேயஸ் (1707–1778) பெயரைப் பள்ளியில் உயிரியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். செடிகளுக்கும் விலங்குகளுக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர். 1741-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1743 முதல் 1776 வரை அவர் தலைமையில் 186 ஆய்வேடுகள் அரங்கேறின.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? அந்த 186-இல் பெரும்பாலானவற்றின் சரக்கு லின்னேயஸுடையது! அவர் குறிப்புகள் கொடுப்பார், அல்லது ஸ்வீடிஷ் மொழியில் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் அதை லத்தீனில் ஒழுங்குபடுத்துவார். அச்சுக்கூலியும் மாணவர் தலையில்தான். முகப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று 'தலைவர்' (பேராசிரியர்), இன்னொன்று 'பதிலளிப்பவர்' (மாணவர்). பல ஏடுகளில் உள்ளே புரவலருக்கும் பெற்றோருக்கும் சமர்ப்பணம் வேறு.

காமர்ஸ் மாணவன் கண்ணால் பார்த்தால் இது ஒரு சுத்தமான ஒப்பந்தம். மாணவர் தரப்பில் அச்சுச் செலவு, லத்தீன் உழைப்பு, மேடையில் நின்று வாதாடும் பொறுப்பு. பேராசிரியர் தரப்பில் கருத்தும் மேற்பார்வையும். மாணவருக்குப் பட்டம் கிடைத்தது. பேராசிரியருக்கோ அவர் கருத்து அச்சேறி ஐரோப்பா முழுக்கப் பரவியது, அதுவும் அடுத்தவர் செலவில். பின்னால் லின்னேயஸ் 1749-இலிருந்து இந்த ஏடுகளையே தொகுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

தலைப்புகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். 1761-இல் காபி பற்றி ஒன்று. 1765-இல் தேநீர் பற்றி ஒன்று, சாக்லேட் பானம் பற்றி ஒன்று. 1755-இல் செடிகள் இரவில் 'தூங்குவது' பற்றி. 1752-இல் வந்தது கொஞ்சம் சூடான விஷயம்: பிள்ளையைச் செவிலித்தாயிடம் விடாமல் பெற்ற தாயே பாலூட்ட வேண்டும் என்று வாதாடியது. 1749-இல் ஐசக் பீபெர்க் என்ற மாணவர் அரங்கேற்றியது 'இயற்கையின் பொருளாதாரம்'. ஒரு உயிர் இன்னொரு உயிருக்கு எப்படி ஆதாரமாக இருக்கிறது என்று பேசிய இந்த ஏட்டை, இன்றைய சூழலியலின் வேர்களில் ஒன்றாகச் சொல்வார்கள். ஆனால் புத்தகங்களில் புகழ் லின்னேயஸுக்குத்தான். பீபெர்க் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் அந்தக் காலத்து மாணவர்கள் ஏமாற்றுக்காரர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. இல்லை. ஏனென்றால் அந்தக் காலத்து விதி "நீ எழுதினாயா?" என்று கேட்கவே இல்லை. "இதை வைத்துக்கொண்டு சபையில் உன்னால் நிற்க முடியுமா?" என்றுதான் கேட்டது.

வழக்கம் இப்படி. ஏட்டை முன்கூட்டியே அச்சடித்து ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டும். குறித்த நாளில் பொதுச்சபை கூடும். எதிர்வாதம் செய்ய ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் ஏட்டின் ஒவ்வொரு வரியையும் பிடித்து இழுப்பார்கள். மாணவர் லத்தீனிலேயே பதில் சொல்லிச் சமாளிக்க வேண்டும். திணறினால் தலைவர் கைகொடுப்பார். ஸ்வீடனில் இன்றும் முனைவர் பட்ட ஏட்டைத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னால் ஆணியடித்து மாட்டும் சடங்கு இருக்கிறது. 'யார் வேண்டுமானாலும் படியுங்கள், வந்து கேள்வி கேளுங்கள்' என்பதுதான் அந்த ஆணிக்கு அர்த்தம்.

இதற்கும் முதுகலைக்கும் நேரடி உறவு உண்டு. அன்றைய ஸ்வீடனில் தத்துவப் பிரிவின் உச்சப் பட்டமே 'மாஜிஸ்டர்', அதாவது மாஸ்டர். அதற்கு இரண்டு ஏடுகள்: முதலாவது பயிற்சிக்கு, இரண்டாவது பட்டத்துக்கு. இரண்டாவதுக்கு லத்தீனில் 'ப்ரோ க்ராடு' என்று பெயர். 1809 வரை ஸ்வீடனோடு இருந்த பின்லாந்தில் முதுகலை ஆய்வேட்டை இன்றும் 'ப்ரோ க்ராடு' என்றே சொல்கிறார்கள். மாணவர்கள் செல்லமாக 'க்ராடு'.

நடுவில் நம்மூர் சம்பந்தம் ஒன்று. கறிவேப்பிலைக்குத் தாவரவியல் புத்தகங்களில் நெடுங்காலம் இருந்த பெயர் 'முர்ராயா கோனிகீ'. முர்ரே, கோனிக் இருவருமே லின்னேயஸின் மாணவர்கள். இதில் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து, நம் பக்கத்துச் செடிகொடிகளைச் சேகரித்தவர். ஆக, ஆசிரியர் நிழலில் படித்த மாணவர்களின் பெயர் நம் ரசத்திலும் மிதக்கிறது!

சரி, பழைய முறை ஏன் போனது? அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சபை கண்டிப்பாக இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். சபை தளர்ந்தால் பட்டம் வெறும் ரசீது ஆகிவிடும். லின்னேயஸே 1735-இல் மருத்துவப் பட்டம் வாங்கியது ஹாலந்தில் ஹார்டர்வைக் என்ற ஊரில். விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் களிமண் நிலம்தான் காரணம் என்ற ஏட்டைக் கையோடு கொண்டுபோய், ஏறத்தாழ ஒரே வாரத்தில் டாக்டர் ஆகிவிட்டார். வேகமாகப் பட்டம் தருவதற்கு அந்த ஊர் பேர்போனது. (களிமண் இல்லை, கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல்.)

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில பல்கலைக்கழகங்களில் நேரில் வராமலே பட்டம் வாங்கலாம். கார்ல் மார்க்ஸ் படித்தது பெர்லினில். டாக்டர் பட்டம் வாங்கியது யேனாவில். 1841 ஏப்ரல் 6-ஆம் தேதி ஏட்டை அனுப்பினார், 15-ஆம் தேதி பட்டம் வந்துவிட்டது. மார்க்ஸின் ஏடு அவரே உழைத்து எழுதியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதே வாசல் வழியாக மற்றவர்களும் வரலாம் இல்லையா?

அப்படி வந்தவர்களைப் பார்த்துக் கொதித்தவர் தியோடர் மோம்சென். ரோமானிய வரலாற்று அறிஞர், பின்னால் 1902-இல் இலக்கிய நோபல் வாங்கியவர். 1876-இல் 'போலி டாக்டர்கள்' பற்றிக் காரசாரமான கட்டுரை எழுதினார். அவர் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, மாணவர் நேரில் வந்து தேர்வில் நிற்க வேண்டும். இரண்டு, ஏடு அச்சாக வேண்டும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நேரில் வராமல் தரும் பட்டங்கள் ஜெர்மனியில் ஏறக்குறைய ஒழிந்தன.

அச்சாக வேண்டும் என்று ஏன் கேட்டார்? இதை நாம் ஆடிட்டிங் பாடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். அச்சான ஏடு என்பது எல்லாருக்கும் திறந்துவைத்த கணக்குப் புத்தகம். இன்று தணிக்கை நடக்காவிட்டாலும் முப்பது வருஷம் கழித்து நடக்கலாம். நடந்தும் இருக்கிறது. ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த குட்டென்பெர்க், பைரொய்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய சட்ட ஆய்வேட்டில் பத்தி பத்தியாகக் காப்பி இருப்பதை 2011-இல் இணையத்தில் கூடிய வாசகர்கள் பக்கவாரியாகக் காட்டினார்கள். பிப்ரவரியில் பட்டம் போனது, மார்ச் 1-ஆம் தேதி பதவியும் போனது. 2013-இல் கல்வி அமைச்சர் ஆனெட் ஷாவான் முறை. அவர் 1980-இல் வாங்கிய பட்டத்தை ட்யூசெல்டார்ஃப் பல்கலைக்கழகம் பறித்தது. அந்த ஏட்டின் தலைப்பு என்ன தெரியுமா? 'மனிதனும் மனசாட்சியும்'!

இப்போது நம் கதை. யு.ஜி.சி. 2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. முதுகலை ஆய்வேடும் அதற்குள் வரும். ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் சேராது. மாணவரின் உறுதிமொழியும் கைடின் சான்றும் கட்டாயம்.

நல்ல விதிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த சதவீதம் எதை அளக்கிறது? ஏட்டை அளக்கிறது. ஆளை அளக்கவில்லை. காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கிய ப்ராஜெக்ட்டில் ஒற்றுமை குறைவாகவே காட்டும். ஏ.ஐ. எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். மென்பொருள் தேடுவது பழைய வாசகத்தை. புது வாசகத்தை வேறு யார் எழுதினாலும் அதற்குக் கவலை இல்லை.

"அந்தக் காலத்திலேயே பேராசிரியர் எழுதினார், மாணவன் பட்டம் வாங்கினான், இப்போது ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கினால் மட்டும் என்ன குற்றம்?" என்று வகுப்பில் யாராவது கேட்கலாம். வித்தியாசம் இரண்டு. உப்சாலாவில் முகப்பிலேயே இரண்டு பெயர்களும் இருந்தன, யாரும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. அதோடு, அந்த மாணவர் சபையில் நின்றார். ரெடிமேட் ப்ராஜெக்ட்டில் கையெழுத்தும் பொய், நிற்பதும் கிடையாது. பழைய முறையின் குறையை எடுத்துக்கொண்டு நிறையை விட்டுவிட்ட கதை.

எழுதுவது, நிற்பது, திறந்து வைப்பது. ஆய்வேட்டு விதிகளின் வரலாறு இந்த மூன்றுக்கும் நடுவே நடந்த தராசு வேலைதான். லின்னேயஸ் காலம் நிற்பதை நம்பியது. மோம்சென் நிற்பதோடு திறந்து வைப்பதையும் கேட்டார். நாம் எழுதுவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் ஒரு சதவீதத்திடம் ஒப்படைத்துவிட்டோம். பத்து நிமிடத்தில் முடிகிற வைவாவும், பரண் மேல் தூங்கும் ரெக்சின் பைண்டிங்கும் இருக்கும்வரை உறுதிமொழிப் பக்கத்துக்கு மதிப்பு வராது.

என் கோரிக்கை சின்னதுதான். வைவாவை வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்கும்படி நடத்தட்டும், ஜூனியர்களும் கேள்வி கேட்கட்டும். ரிப்போர்ட்டை நூலகத்தில் எல்லார் கைக்கும் எட்டும்படி வைக்கட்டும். நாலு பேர் படிக்கப்போகிறார்கள், நாளைக்கு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், விலைக்கு வாங்கப் போகிறவன் கொஞ்சம் யோசிப்பான். உழைத்து எழுதியவனுக்கோ தன் உழைப்பைக் காட்ட ஒரு சபை கிடைக்கும்.

உங்கள் கல்லூரியில் வைவா எப்படி நடக்கிறது? சொல்லுங்கள், கேட்கிறேன்.