உருளைக்கிழங்கு வயலிலிருந்து பாட மேசைக்கு

66 சென்டிமீட்டர் அகலம். உயரம் அதைவிடக் குறைவு. இந்தச் சிறிய துணியில்தான் பிரெஞ்சு ஓவியர் மியே, 1857க்கும் 1859க்கும் இடையில், 'ஆஞ்சலஸ்' ஓவியத்தைத் தீட்டினார். அந்திவேளை, உருளைக்கிழங்கு வயல். மண்ணில் குத்தி நிறுத்திய முள்கவை, காலடியில் கூடை, பின்னால் தள்ளுவண்டியில் மூட்டைகள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓர் உழவன் தலைகுனிந்து நிற்கிறான். எதிரே ஒரு பெண் நெஞ்சோடு கைகளைச் சேர்த்திருக்கிறாள். தொடுவானத்தில் தேவாலயக் கோபுரம் சிறிதாகத் தெரிகிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மூவேளைச் செபம் என்பார்களே, அதற்கான மணி ஒலிக்கும் நேரம் அது. வயலில் மணியோசை கேட்டதும் வேலையை நிறுத்தச் சொல்லி, இறந்துபோன ஏழைகளுக்காகத் தங்களைச் செபிக்க வைத்த பாட்டியின் நினைவில் பிறந்த படம் என்று மியே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

படத்தை வரையச் சொல்லியிருந்த அமெரிக்கர் அதை வாங்க வரவில்லை. பல கைகள் மாறி 1889இல் பாரிஸ் ஏலத்துக்கு வந்தபோது அதன் விலை 5,53,000 பிராங்க். மியே இறந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரெஞ்சு அரசு பணம் ஒதுக்காததால் படம் அமெரிக்கா போய் ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஷோஷார் என்ற பாரிஸ் வணிகர் இன்னும் அதிக விலை கொடுத்து மீட்டார். அவருடைய உயிலின்படி படம் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. 1986 முதல் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அசலைவிட அதன் அச்சுப்படி போன தூரம் அதிகம். மாசசூசெட்ஸ் மாநிலத்து மால்டனிலிருந்து பெர்ரி பிக்சர்ஸ் நிறுவனம் புகழ்பெற்ற ஓவியங்களைப் படம் ஒன்று ஒரு சென்ட் என்று விற்றது. 'ஆஞ்சலஸ்' அவற்றில் ஒன்று. இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் கல்வியாளர் சார்லட் மேசன், வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சல்வழிப் பாடத்திட்டம் அனுப்பிவந்தார். அதில் ஓவியத்துக்கும் இடம் உண்டு: ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர், அவருடைய ஆறு படங்கள். மறந்துபோயிருந்த அந்த முறையை, 1984இல் சூசன் ஷேஃபர் மெக்காலே எழுதிய 'ஃபார் தி சில்ட்ரன்ஸ் சேக்' என்ற நூல் அமெரிக்கக் கிறிஸ்தவக் குடும்பங்களிடம் மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்த முறையில் பாடம் எளிது. அச்சுப்படியைப் பிள்ளையின் முன் வைக்க வேண்டும். பிள்ளை ஆசைதீரப் பார்த்ததும் படத்தைக் கவிழ்த்துவிட்டு, நினைவில் நிற்பதைச் சொல்லச் சொல்ல வேண்டும். 'ஆஞ்சலஸ்' படத்தில் சில பிள்ளைகள் கூடையோடு நின்றுவிடலாம். சிலர் கோபுரத்தைக் கவனிக்காமலே விடலாம். மறுபடி திருப்பிக் காட்டினால் போதும், அதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

கிறிஸ்தவ ஓவியப் பாடம் என்றால் நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்டி, கீழே ஒரு வசனம் எழுதுவது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. 'ஆஞ்சலஸ்' படத்தில் தேவதூதர் இல்லை, சிலுவையில் இயேசு இல்லை. களைத்த இரண்டு மனிதர்களும் மண்ணும் கிழங்கும்தான். ஆனாலும் உழைப்பும் செபமும் ஒரே வயலில் நடக்கின்றன. கலை கிறிஸ்தவமாக இருக்க மதக் காட்சி தேவையில்லை என்று சூசனின் தந்தை பிரான்சிஸ் ஷேஃபர் 1973இலேயே வாதிட்டார். நானும் அவர் கட்சி.

ஒரு சங்கடமும் உண்டு. ஆஞ்சலஸ் மரியாளை வாழ்த்தும் செபம். இந்தப் படத்தை மேசையில் வைக்கும் குடும்பங்களில் பல, மரியாளிடம் செபிக்காத புரோட்டஸ்டன்ட் குடும்பங்கள். அதற்காகப் படத்தை ஒதுக்குவதும் தவறு, செபத்தின் பெயரை மறைப்பதும் தவறு. "அவர்கள் இப்படிச் செபித்தார்கள், நாம் வேறு விதமாகச் செபிக்கிறோம்" என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஓவியம் காட்டும் பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: படத்தின் பொருளை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பார்த்து முடிக்கட்டும், அது பேசட்டும். மியேயின் பாட்டியைப் பற்றி அதன் பிறகு சொல்லுங்கள்.