கரிசல் மானாவாரி விவசாயத்தில் மின்னணுச் சாதனங்களும் இளைஞரும்

தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களையும் அவற்றை அடுத்த விருதுநகர் மாவட்டப் பகுதிகளையும் தழுவிக் கிடக்கும் கரிசல் பிரதேசத்தில், மழையை மட்டுமே நம்பி நடைபெறும் மானாவாரி விவசாயத்துக்குக் காலநிலை மாற்றத்தால் நேரும் இடர்களைக் குறைக்கும் பொருட்டு, வானிலைக் கருவிகளும் கைப்பேசிச் செயலிகளும் அவற்றைக் கையாளும் இளைஞரும் ஆற்றும் பணி இங்கே விவரிக்கப்படுகிறது.

நிலமும் பருவமும்: கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், நல்ல மழை பெய்தவுடன் குழைந்து காலோடு அப்பிக்கொண்டு, ஏரையும் மாட்டையும் உள்ளே விடாத சுபாவமுடையதாதலால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே புரட்டாசியில் பருத்தி, சோளம் முதலிய விதைகளைக் காய்ந்த மண்ணில் இட்டுவைக்கும் புழுதி விதைப்பு இங்கே கையாளப்படுகிறது. அடுத்து நல்ல மழை இறங்கினால் பயிர் முந்திக்கொண்டு தழைக்கும். சிறு மழையோடு வானம் வெளுத்துவிட்டாலோ, முளைத்தது கருகி, விதைச் செலவும் உழவுக் கூலியும் மண்ணோடு போகும். ஆகவே விதைக்கும் நாளைத் தேர்வதே மானாவாரிச் சம்சாரியின் (விவசாயியின்) தலையாய பிரச்சினை. காலநிலை மாற்றம் இத்தேர்வை மேலும் கடினமாக்குகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியை ஏற்க வல்லதாகையால், பூமி சூடேறச் சூடேறப் பெருமழைக்கான வாய்ப்பும் மிகுகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது.

சாதனங்கள்: 1901இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மானாவாரிக்கேற்ற ரகங்களையும் விதைப்பு முறைகளையும் அபிவிருத்தி செய்ததோடு, வானிலையை ஒட்டிய விவசாய ஆலோசனைகளையும் வழங்கிவருகிறது. தமிழ்நாடு அரசு 2018இல் வெளியிட்ட உழவன் செயலி, மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை ஆகியவற்றோடு வானிலைச் செய்தியையும் தருகிறது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட மேகதூத் செயலி, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்டவாரியான ஆலோசனைகளைப் பிராந்திய மொழிகளில் அளிக்கிறது.

இளைஞர் பங்கு: மாவட்டம் முழுமைக்கும் பொதுவான அறிவிப்பு, ஓரூரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும் கரிசல் மழைக்குப் போதாது; அக்குறையை நிரப்பத்தக்கவர், சாதனத்தையும் நிலத்தையும் ஒருங்கே அறிந்த உள்ளூர் இளைஞரே. தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி மாணவர், ஊரகப் பணி அனுபவத் திட்டத்தின்படி கிராமங்களில் தங்கிப் பயில்கின்றனர். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் நடந்த மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பில் வேளாண் மாணவர் பலர், சர்வே எண் தோறும் நேரில் சென்று பயிரைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பதிவு செய்தனர். அம்மாணவரின் பாதுகாப்பைக் குறித்து அப்போது ஆட்சேபம் எழுந்தது; அது நியாயமானதே. வானிலைத் துறைப் பதவியின்றியே மழைக் கணக்குகளைத் தொகுத்து எளிய மொழியில் விளக்கி, ‘தமிழ்நாடு வெதர்மேன்’ எனப் புகழ்பெற்ற பிரதீப் ஜான், ஆர்வமுடைய தனிமனிதர் ஒருவரால் எவ்வளவு சாத்தியம் என்பதற்குத் தக்க உதாரணம்.

மதிப்பீடு: எழுத்தறியாத முதியவருக்குச் செயலியின் ஆலோசனை, அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால்தான் பயன்படும்; அப்பிள்ளைகளோ பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விடுகின்றனர். கரிசற் கிராமப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியை நிறுவி, மாணவர் அன்றன்று அளக்கும் மழையளவை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைப்பேசி வழியே தெரிவிக்கவும், நிலையத்தின் ஆலோசனையை ஊர்ப் பெரியவர்க்கு எடுத்துரைக்கவும் ஏற்பாடு செய்வது, செலவு குறைந்ததும் உடனே செய்யத்தக்கதுமான காரியமாகும்.