வெப்பி

இணையப் பக்கங்களில் வரும் படங்களைச் சிறிய கோப்புகளாக்க, 2010 செப்டம்பர் 30 அன்று கூகுள் அறிவித்த திறந்த பட வடிவம். ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப் மூன்றும் செய்த வேலையை இது ஒன்றே செய்யும். அதனால்தான் இணையதளங்கள் தம் பழைய படங்களை இந்த வடிவத்துக்கு மாற்றத் தொடங்கின.

கம்ப்யூசர்வ் 1987இல் கொண்டுவந்த ஜிஃப் 256 நிறங்களோடு நின்றுவிட்டது. 1994 இறுதியில் அதன் சுருக்குமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கேட்டபோது, எதிர்ப்பாகப் பிறந்தது பிஎன்ஜி. ஒளிப்படங்களுக்கு 1992இல் ஜேபெக் தரப்படுத்தப்பட்டது. அதன் உயிர்நாடியான கணித உருமாற்றத்தை பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். 1972இல் இதே ஆய்வுக்கு நிதி கேட்டு அகமது அனுப்பிய விண்ணப்பத்தை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏற்கவில்லை. உலகின் பெரும்பாலான ஒளிப்படங்களைச் சுமக்கும் முறை இப்படித்தான் தொடங்கியது.

வெப்பியின் வேர் வீடியோவில் இருக்கிறது. ஆன்2 நிறுவனத்தை வாங்கிய கூகுள், அதன் விபி8 வீடியோ சுருக்குமுறையை 2010 மே மாதம் அனைவருக்கும் திறந்துவிட்டது. வீடியோவின் ஒரு முழுச் சட்டகத்தைச் சுருக்கும் அதே உத்தி படத்துக்கும் பயன்பட்டது. படம் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சதுரமும் எப்படியிருக்கும் என்று மேலேயும் இடப்பக்கமும் உள்ள புள்ளிகளைக் கொண்டு ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பதிய வேண்டும். தெளிந்த வானத்தில் பதிய அநேகமாக எதுவும் மிஞ்சாது. ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு சிறிய கோப்பு கிடைக்கிறது என்பது கூகுளின் அளவீடு. 2011இல் இழப்பற்ற சுருக்கமும் ஒளிபுகும் பின்னணியும் சேர்ந்தன.

இவ்வளவு இருந்தும் முக்கிய உலாவிகள் எல்லாம் இதை ஏற்கப் பத்தாண்டுகள் ஆயின. குரோமும் ஓப்பராவும் உடனே ஏற்றன. மொசில்லாவோ, ஜேபெக்கையே இன்னும் இறுக்கலாம் என்று 2014இல் மோஸ்ஜேபெக்கை வெளியிட்டது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. மோஸ்ஜேபெக் இன்றும் பயனுள்ள கருவி. பயர்பாக்ஸ் 2019 ஜனவரியிலும் சஃபாரி 2020இலும் வழிவிட்டன. அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதிகள் வைத்து, உலாவிக்கு ஏற்றதை அனுப்ப வேண்டியிருந்தது.

வெப்பிக்கும் குறைகள் உண்டு. ஒரு பக்கம் 16,383 புள்ளிகளைத் தாண்ட முடியாது. இழப்புள்ள வகையில் நிறத் தகவல் பாதி நுணுக்கத்திலேயே பதிவாவதால் சிவப்பு எழுத்துகளின் விளிம்பு மங்கும். 2019இல் வந்த ஏவிஃப் பெரும்பாலும் இதைவிடச் சிறிய கோப்பு தருகிறது. குறியேற்ற நேரம்தான் கூடுதல். பழைய ஜேபெக் கோப்பை ஒரு புள்ளியும் இழக்காமல் ஏறத்தாழ 20 விழுக்காடு சுருக்கி, வேண்டும்போது அப்படியே மீட்டுத் தருவது ஜேபெக் எக்ஸ்எல். சோதனை நிலையில் இருந்த அதன் ஆதரவை குரோம் 2023இல் நீக்கியது இணையத்துக்கு நேர்ந்த இழப்பு.

ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக்கை இழப்புள்ள வெப்பியாக்கினால் முதல் சுருக்கத்தின் கறைகளோடு இரண்டாவதன் கறைகளும் சேரும். ஆகவே மாற்றம் எப்போதும் மூலப்படத்திலிருந்தே நடக்க வேண்டும். மாற்றி முடித்த பின்னும் மூலத்தை அழிக்கக் கூடாது.