தண்டல் தொல்லை இனி இல்லை: தெரு வியாபாரிகளுக்கு ஜாமீன் இல்லாமல் ரூ.15 ஆயிரம் கடன்

திருவள்ளூர்:

கடைவீதியை சீரமைக்க அரசு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் கட்டிடம், நடைபாதை என்றுதான் போகும். சென்னை பாண்டி பஜாரில் 2019-ம் ஆண்டு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை வளாகம் வந்தது. தள்ளுவண்டிக்காரர் சரக்கு எடுக்க பணத்துக்கு எங்கே போவார்? தண்டல்காரரிடம்தான். ரூ.9 ஆயிரம் வாங்கினால் தினமும் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

இதற்காகவே 2020-ம் ஆண்டு மத்திய அரசு 'பி.எம். ஸ்வநிதி' கடன் திட்டத்தை கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் இது 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் கடன் ரூ.10 ஆயிரத்தில் இருந்து ரூ.15 ஆயிரமாக உயர்ந்தது. அதை ஒழுங்காக கட்டி முடித்தால் ரூ.25 ஆயிரம், அடுத்து ரூ.50 ஆயிரம். ஜாமீன் கிடையாது. தவணை தவறாவிட்டால் 7 சதவீத வட்டி மானியம் வங்கி கணக்குக்கே வந்துவிடும்.

ஆரம்பத்தில் நகரத்துக்குள் வியாபாரம் செய்வோருக்கு மட்டுமே கடன். இப்போது மணவாள நகர் மாதிரி நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்க முடிவாகியுள்ளது.

முக்கியம், உள்ளாட்சி அமைப்பு தரும் வியாபார சான்று. அட்டை இல்லாதவர்கள் பரிந்துரை கடிதம் கேட்டு வாங்கலாம். சான்று கையில் இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. கடைவீதியை புதுப்பிக்கிறோம் என்று உங்களை திடீரென கிளப்ப முடியாது. 2014-ம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். எனவே சான்றை பத்திரமா வெச்சுக்குங்க.