துணிவும் பயிற்சியும்: செரி நிலக்கரிச் சுரங்கம் உணர்த்திய பாடம்

கைத்தொழில் வளர்ச்சியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அப்பொறிகளின் அருகில் நின்றோர் ஆபத்துவேளையில் யாது செய்ய அறிந்திருந்தனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள செரி என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், 1909 நவம்பர் 13ஆம் நாள் நிகழ்ந்த தீவிபத்து அவ்வினாவைத் தவிர்க்க முடியாததாக்கியது.

சுரங்கத்தின் மின்விளக்குகள் பழுதுற்றிருந்தமையால் அன்று மண்ணெண்ணெய்ப் பந்தங்களே ஒளி தந்தன. கோவேறு கழுதைகளுக்கென உலர்புல் ஏற்றிய வண்டியொன்று பந்தத்தினால் தீப்பற்றியது. தீ சிறிதெனக் கருதப்பட்டமையால் உள்ளே வேலை செய்தோர் உடனே எச்சரிக்கப்படவில்லை. பின்னர் தீயை அடக்கும் நோக்குடன் காற்று விசிறியின் போக்கு எதிர்த்திசைக்கு மாற்றப்பட்டது. அதனால் விசிறிக் கட்டடமும், தப்பி வெளியேறுவதற்கென இருந்த ஏணிகளும் தீக்கிரையாயின. 12 பேர் கூண்டில் மீண்டும் மீண்டும் இறங்கிப் பலரைக் காத்தனர். இறுதி முறை கீழிருந்து வந்த சைகைகளின் பொருள், மேலே கூண்டை இயக்கியவருக்கு விளங்கவில்லை. அவர் தயங்கிய பின் கூண்டு மேலெழுந்தபோது அப்பன்னிருவரும் மாண்டிருந்தனர். விபத்தில் இறந்தோர் தொகை 259.

இங்கு துணிவுக்குக் குறைவிருக்கவில்லை. முதலில் எச்சரிக்கை விடுத்தல் வேண்டும் என்ற ஒழுங்கும், காற்றோட்டம் பற்றிய அறிவும், குழப்பமற்ற சைகை முறையுமே இல்லாதிருந்தன. இவை மூன்றும் முன்னரே கற்பிக்கத்தக்கவை. நச்சுக்காற்றைத் தடுக்கச் சுவரெழுப்பி ஒதுங்கியோருள் 21 பேர் எட்டு நாள்களின் பின் உயிருடன் மீண்டமை, தக்க அறிவின் பயனுக்குச் சான்றாகும்.

1907இல் மொனொங்கா சுரங்கத்தில் 362 பேர் இறந்தமையும் நினைவில் இருந்த காலம் அது. 1910இல் ஐக்கிய அமெரிக்க அரசு சுரங்கப் பணியகத்தை நிறுவியது. யோசப் ஹோம்ஸ் அதன் முதற் பணிப்பாளரானார். சுவாசக் கருவிகளைத் தாங்கிய புகையிரதப் பெட்டிகள் சுரங்க ஊர்கள்தோறும் சென்றன. தொழிலாளருக்கு மீட்புப் பணியும் முதலுதவியும் கற்பிக்கப்பட்டன. அதே ஆண்டில் இலினோய் மாநிலமும் மீட்பு நிலையங்களுக்கெனச் சட்டமியற்றியது. 1911 டிசம்பரில் தெனசி மாநிலத்தின் குறொஸ் மவுண்டன் சுரங்கம் வெடித்தபோது 84 பேர் மாண்டனர். தடுப்பெழுப்பி ஒதுங்கியிருந்த ஐவரை மீட்புக் குழுவினர் உயிருடன் வெளிக்கொணர்ந்தனர்.

ஐவர் என்பது சிறு தொகையே. எனினும் செரியில் துணிவுடையோர் தாமும் மாண்டனர்; இங்கோ பயின்றோர் பிறரைக் காத்துத் தாமும் மீண்டனர். ஆபத்து வந்தபின் கற்பதற்கு அவகாசமில்லை என்பதை உணர்வதற்கு அக்காலச் சமுதாயம் கொடுத்த விலை மிகப் பெரிது.